சீட்டு இரண்டு விதமாக விழுந்தால் தேவ சித்தம் எது?

சகோதரி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கருங்கல் பக்கத்து ஊர். நர்சிங் முடித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. குவைத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை இன்னும் சரியாகவில்லை. கல்விக் கடன் பாக்கி நிற்கிறது. ‘போ’, ‘போகாதே’ என்று இரண்டு சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபித்து எடுத்தீர்கள், ‘போ’ வந்தது. மனம் அடங்காமல் மறுநாள் எடுத்தபோது ‘போகாதே’ வந்தது. உபவாச ஜெபத்தில் ஓர் ஊழியர் உங்கள் தலையில் கைவைத்து, கர்த்தர் உங்களைக் கடல் கடந்து கொண்டுபோகிறார் என்றார். அம்மாவின் நோயே கர்த்தர் போட்ட தடை என்று சித்தி சொல்கிறார். இத்தனைக்கும் பிறகு, தேவ சித்தத்தை நிச்சயமாக அறிவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது கடைசி வரி என்று எனக்குப் படுகிறது: “நான் தவறாக முடிவெடுத்துவிட்டால் கர்த்தர் என்னைக் கைவிட்டுவிடுவாரா?”

நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை அரசரடியில் இறையியல் படித்தேன். அதற்குப் பிறகு ஊழியம் முழுவதும் குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு தாலுகா சபைகளில்தான். வேலை, திருமணம், வெளிநாடு, முழுநேர ஊழியம் என்று ஏதாவது ஒன்றில் முடிவெடுக்க முடியாமல் ஆயர் இல்லத்துக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கடவுளிடம் வழி கேட்டதைவிட அதிகமாகக் கடவுளைக் கண்டு பயந்தார்கள். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எந்த வழியையும் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கைவிடமாட்டார். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. “நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்ற வாக்குக்கு, சரியான வேலையைத் தேர்ந்தெடுத்தால் என்ற நிபந்தனை சேர்க்கப்படவில்லை. ரோமர் 8-ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுல் மரணம், ஜீவன், நிகழ்காரியங்கள், வருங்காரியங்கள் என்று அடுக்கி, இவற்றில் எதுவும் கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார். வருங்காரியங்கள் என்ற சொல்லுக்குள் உங்கள் குவைத்தும் அடங்கும். நீங்கள் கர்த்தருடைய பிள்ளை என்ற நிச்சயம் வேறு. இந்த வேலையை எடுப்பது சரி என்ற நிச்சயம் வேறு. முதலாவது வாக்களிக்கப்பட்டது. இரண்டாவது அந்த அளவுக்கு வாக்களிக்கப்படவே இல்லை. நம் சபைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோய்விட்டதுதான் இவ்வளவு வேதனைக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

வேதாகமத்தில் தேவனுடைய சித்தம் இதுதான் என்று நேராகச் சொல்லும் இடங்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது தேவனுடைய சித்தம் என்கிறது 1 தெசலோனிக்கேயர் 4:3. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது தேவ சித்தம் என்கிறது அதே நிருபத்தின் 5:18. நன்மை செய்து புத்தியீனருடைய பேச்சை அடக்குவது தேவ சித்தம் என்கிறார் பேதுரு. நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, மனத்தாழ்மையாய் நட என்கிறது மீகா. இவற்றில் ஒன்றிலும் ஓர் ஊர் பெயர் இல்லை, ஒரு மாப்பிள்ளையின் பெயர் இல்லை, ஒரு சம்பளத் தொகை இல்லை. மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று உபாகமம் 29:29 ஒரு கோடு போட்டுவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதைச் செய்வதற்கே ஓர் ஆயுள் போதாது. அந்தப் பக்கம் இருப்பதை எட்டிப் பார்க்கச் சொல்லி ஒருவருக்கும் கட்டளை இல்லை.

இன்னும் ஒன்று. வேதாகமம் பல காரியங்களை நம்மிடமே விட்டுவிடுகிறது. புருஷன் இறந்துபோன பெண் மறுபடியும் மணம் செய்வதைப் பற்றி எழுதும்போது, தனக்கு இஷ்டமானவரை மணந்துகொள்ள அவளுக்கு விடுதலை உண்டு, அவர் கர்த்தருக்குட்பட்டவராக இருந்தால் போதும் என்கிறார் பவுல். திருமணத்தைவிடப் பெரிய முடிவு எது? அதிலேயே இஷ்டம் என்ற சொல் வருகிறது. அதே பவுல் கொரிந்தியருக்குத் தன் பயணத் திட்டத்தைச் சொல்லும்போது, ஒருவேளை உங்களோடு தங்குவேன், கர்த்தர் உத்தரவு கொடுத்தால் வருவேன் என்று எழுதுகிறார். அப்போஸ்தலரே ‘ஒருவேளை’ என்று எழுதித் திட்டம் போட்டிருக்கும்போது, நாம் ஏன் முத்திரை குத்திய உத்தரவு கைக்கு வரும்வரை அசையமாட்டேன் என்று நிற்க வேண்டும்? வளர்ந்த மகள் ஒவ்வொரு காரியத்துக்கும் தகப்பனிடம் உத்தரவு கேட்டு நின்றால் அந்தத் தகப்பன் சந்தோஷப்படமாட்டார்; தன் மனதை அறிந்த மகளாக அவள் நடக்க வேண்டும் என்றுதான் விரும்புவார். ரோமர் 12:2 சொல்வதும் இதுதான். மனம் புதிதாகட்டும், அந்த மனதைக் கொண்டு தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறியுங்கள் என்கிறது. மனதை ஓரமாக வைத்துவிட்டுச் சீட்டைத் தொடச் சொல்லவில்லை.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மாவட்டத்தில் சபை வேறுபாடு இல்லாமல் இருக்கும் பழக்கம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகள் அடுக்கிய தட்டை நீட்டுவோம். வரிசையில் வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். எடுத்த அட்டையை நகர்ந்து போய் விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கும் முகங்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். “உன் எல்லையை விஸ்தாரமாக்குவேன்” என்ற வகையில் வந்தால் முகம் மலரும். உபத்திரவம், பொறுமை என்று வந்தால் சிலர் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பிள்ளையின் பெயரில் இன்னொன்று எடுக்க மீண்டும் வரிசைக்கு வருவார்கள். அட்டையில் இருப்பது தேவ வசனம்தான். அதை ஆண்டு முழுவதும் தியானிப்பது நல்லதுதான். ஆனால் அது என் கைக்கு வந்த விதத்தை ஒரு செய்தியாக்கி, அந்தச் செய்தி பிடிக்காதபோது இன்னொன்றைத் தேடினால், நாம் தேடுவது கர்த்தருடைய விருப்பத்தை அல்ல, நம் விருப்பத்துக்கு அவருடைய கையெழுத்தை. நீங்கள் இரண்டாம் நாள் எடுத்ததும் அப்படித்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. முதல் சீட்டு உங்களுக்கு நிச்சயம் தந்திருந்தால் இரண்டாவது தேவைப்பட்டிருக்காது. சீட்டால் நிச்சயத்தைத் தர முடியாது என்பதை உங்கள் மனமே கண்டுபிடித்துவிட்டது.

கிதியோன் கர்த்தரிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத் தோலைப் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள். கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தோலைப் போடுவதற்கு முன்பே தெரியும். தூதன் வந்து சொல்லியாயிற்று, கன்மலையிலிருந்து அக்கினி எழும்பி காணிக்கையைப் பட்சித்தாயிற்று. “நீர் சொன்னபடி” என்று அவனே சொல்லிவிட்டுத்தான் அடையாளம் கேட்கிறான். முதல் நாள் பனியில் தோல் மட்டும் நனைந்திருந்தது; அது போதாமல், கோபித்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சி மறுநாள் தலைகீழாகக் கேட்கிறான். பயந்துபோன ஒருவனிடம் கர்த்தர் காட்டிய பொறுமையின் கதை அது. வழி கண்டுபிடிக்கும் முறையாக அதை எங்கும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்போஸ்தலர் 1-இல் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டது உண்மை. ஆனால் யோவானின் ஞானஸ்நான காலம் முதல் இயேசுவோடு இருந்தவராக இருக்க வேண்டும் என்று முதலில் தகுதியை வரையறுத்தார்கள், அதில் தேறிய இருவரை நிறுத்தினார்கள், ஜெபித்தார்கள், கடைசியில்தான் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார். அதற்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் தேவ சித்தம் அறியச் சீட்டுப் போட்டதாக ஓர் இடமும் இல்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைச் சபையார் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எருசலேமில் பெரிய வாக்குவாதத்தைப் பேசித் தீர்த்துவிட்டு, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதினார்கள். அந்த ‘எங்களுக்கும்’ எனக்கு மிகவும் பிடித்த சொல்.

அடுத்து, அந்த ஊழியர் சொன்னது. இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கர்த்தர் இன்று ஒரு மனிதர் வாயிலாகவோ சொப்பனத்திலோ பேசுவதே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று எழுதிய அதே கை, அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று எழுதியது. சோதிப்பது அவிசுவாசமல்ல, கட்டளை. அப்போஸ்தலர் 21-இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் உனக்கு இப்படி நடக்கும் என்றான். சொன்னது மெய். ஆனால் அதைக் கேட்ட சகோதரர்கள் போகவேண்டாம் என்று அழுதார்கள். அதே சொல்லைக் கேட்ட பவுல் போகத்தான் வேண்டும் என்று புறப்பட்டார். மெய்யான தீர்க்கதரிசனம்கூட முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. அதற்கு எதிர்ப்பக்கமாக 1 இராஜாக்கள் 13 இருக்கிறது. கர்த்தர் நேரடியாகச் சொன்னதை வைத்திருந்த ஒரு தேவமனுஷன், ‘எனக்கும் ஒரு தூதன் சொன்னான்’ என்று பொய் சொன்ன கிழவரின் பேச்சைக் கேட்டுத் திரும்பி, வழியில் சிங்கத்தின் வாயில் மாண்டான். உங்களுக்குச் சொன்ன ஊழியருக்கு உங்கள் அம்மாவின் நிலை தெரியுமா, வேலையின் விவரம் தெரியுமா, நாளை இது தவறாகப் போனால் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவாரா என்று பாருங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடல் கடந்து போவது, நம் மாவட்டத்தில் நர்சிங் படித்த எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லக்கூடிய ஒன்று.

மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம், கதவு திறந்தால் அது தேவ சித்தம் என்ற இரண்டு அளவுகோல்களை நீங்களும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் யோனாவின் புத்தகத்தில் வைத்துப் பாருங்கள். நினிவேக்குப் போகச் சொன்னால் அவன் யோப்பாவுக்குப் போகிறான். போன இடத்தில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நிற்கிறது. கையில் கூலிக்குப் பணமும் இருக்கிறது. இதைவிடத் திறந்த கதவு வேண்டுமா? கப்பலேறியவன் கீழ்த்தட்டில் படுத்து அயர்ந்து தூங்குகிறான். கீழ்ப்படியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவனுக்குப் புயலிலும் நல்ல தூக்கம். மறுபக்கம் கெத்செமனே. பிதாவின் சித்தத்தை அறிந்து, அதற்கு முழுமையாக ஒப்புக்கொடுத்த ஒரே ஒருவர் அந்த இரவில் தரையில் விழுந்து, வியர்வை இரத்தத் துளிகளாக விழ ஜெபித்தார். நம் அளவுகோலின்படி அங்கே சமாதானம் இல்லை. ஆகவே உங்களுக்கு மனக்கலக்கம் இருப்பதை வைத்து, இது கர்த்தருக்குப் பிரியமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டு விமானம் ஏறுவதை நினைத்தால் எந்த மகளுக்கும் கலங்கத்தான் செய்யும். அது அன்பின் அடையாளம். கதவு விஷயத்தில் இன்னொரு சிறு குறிப்பு: துரோவா பட்டணத்தில் பவுலுக்குக் கர்த்தரால் கதவு திறந்திருந்தது, உடன் ஊழியர் தீத்துவைக் காணாமல் மனம் தவித்ததால் அதை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார். அதற்காக யாரும் அவரைக் கண்டித்ததாக எழுதப்படவில்லை.

அதே துரோவாவில்தான் முன்னொரு முறை, வந்து உதவி செய்யும் என்று அழைத்த மக்கெதோனியனைப் பவுல் தரிசனத்தில் கண்டார். தெளிவான வழிநடத்துதலுக்கு அதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதிலும் இரண்டைக் கவனியுங்கள். தரிசனம் வந்தது, ஏற்கெனவே இரண்டு பக்கம் முயன்று தடுக்கப்பட்டு நடந்துகொண்டிருந்தவர்களுக்கு. கண்டவர் ஒருவர், ஆனால் ‘நாங்கள் நிச்சயித்துக்கொண்டு’ என்று கூட இருந்தவர்கள் எல்லாரையும் சேர்த்து லூக்கா எழுதுகிறார். போய்ச் சேர்ந்த பிலிப்பியில் கிடைத்தது அடியும் தொழுமரமும். இவ்வளவு நிச்சயத்தோடு போனவர்களுக்கே சிறை என்றால், வழியில் கஷ்டம் வந்துவிட்டால் முடிவு தவறு என்று சொல்வதற்கு இடமில்லை.

குலசேகரம் பக்கத்துச் சபை ஒன்றில் ஒரு தம்பி இருந்தான். ரப்பர் பால் வெட்டிவிட்டுக் கணினி வகுப்புக்குப் போகிறவன். வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, முதலில் நாகர்கோவில் பஸ் வந்தால் சரி என்பேன், மார்த்தாண்டம் பஸ் வந்தால் வேண்டாம் என்பேன் என்று கர்த்தரிடம் சொல்லியிருக்கிறான். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நேரத்தில் வந்து நின்றன. முகம் வெளிறி என்னிடம் வந்தான். நான் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தையாவது பேசினாயா?” இல்லை என்றான். வாரக்கணக்கில் ஜெபித்தவன், அவளுக்கு இதில் சம்மதமா என்று கேட்கவே இல்லை. பெண் வீட்டில் வைத்து, பெரியவர்கள் முன்னிலையில், அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். தனக்கு மேலே படிக்க வேண்டும், இப்போது திருமணம் வேண்டாம், வீட்டில் சொல்லப் பயம் என்றாள் அந்தப் பெண். இரண்டு வீட்டாரும் மனக்கசப்பு இல்லாமல் விலகிக்கொண்டார்கள். அடையாளம் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம்.

உங்கள் சித்தி சொன்னதற்கு வருகிறேன்: அம்மாவின் பக்கவாதம் உங்களைத் தடுக்கக் கர்த்தர் அனுப்பியது என்பது. இதை நான் முழுவதுமாக மறுக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் கணவனையும் மகனையும் தேடி நின்ற பெண்களிடம், ஆறுதல் என்று நினைத்துச் சிலர் சொன்ன முதல் வார்த்தை ‘தேவ சித்தம்’. ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தேடுவதில் தாமதம் என்று கரையே குமுறியது. மனிதர் செய்யத் தவறியதைக் கர்த்தர் தலையில் வைக்கும் சொல்லாக அது ஆகிவிடக் கூடாது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசு சொன்னார். பிறவிக் குருடன் விஷயத்தில், இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். இரத்த அழுத்தம் கூடி மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டால் பக்கவாதம் வரும்; நர்ஸாகிய உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு மகளுக்குச் செய்தி அனுப்புவதற்காகத் தாயின் கையை முடக்குகிற கடவுளை நான் இயேசு கிறிஸ்துவில் காணவில்லை. நோயில் அவர் என்ன செய்வார் என்பது வேறு. நோயை ஏன் விட்டார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் வழிநடத்துதல் எப்படித்தான் வருகிறது? நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமர்வெல். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கும் வந்தார். அங்கே தகுதி பெற்ற அறுவை மருத்துவர் ஒரே ஒருவர்; வெளியே அவரால் பார்த்து முடிக்க முடியாத கூட்டம். முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பழகிய கை சாமர்வெல்லினுடையது. லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரையே தேர்ந்துகொண்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனாலும், திரும்பி வந்தது நெய்யூருக்குத்தான். அவருடைய வேலைக்காலத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. விசுவாசம் உள்ள ஒரு மனிதர், தன்னால் தீர்க்கக்கூடிய ஒரு தேவையை நேருக்கு நேர் பார்த்தார், முடிவெடுத்தார். தேவையைக் காண்கிற எல்லாருக்கும் அது அழைப்பு என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் இளகிய மனம் உள்ளவர்கள் சுமையில் நசுங்கிவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் தேவை இரண்டு பக்கமும் இருக்கிறது: குவைத்திலும் நோயாளிகள், வீட்டிலும் நோயாளி. ஆனால் வழிநடத்துதல் இப்படிச் சாதாரணமாகவும் வரலாம் என்பதற்கு அவர் சாட்சி.

முதல் முடிவு தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ரிங்கல்தௌபே. 1797-இல் கல்கத்தாவுக்கு மிஷனரியாக வந்து, ஏமாற்றமடைந்து சீக்கிரமே திரும்பிப் போனவர். பிறகு லண்டன் மிஷன் வழியாக மறுபடியும் புறப்பட்டு, 1804-இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடியில் உள்ளூர்க்காரரான வேதமாணிக்கத்தோடு சேர்ந்து அவர் தொடங்கியதன் தொடர்ச்சிதான் இன்றைய நம் சபைகள். கல்கத்தா தவறா, அதுவும் சித்தமா? எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவராலும் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. குளச்சலில் 1741-இல் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னாளில் மாடுகளையும் நிலத்தையும் இழந்து வாடிய நீலகண்டப் பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னார். கேட்டவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. தோற்ற நாளில் டிலனாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் சொன்ன யோபுவுக்கும், தனக்கு ஏன் அப்படி நடந்தது என்று கடைசிவரை விளக்கம் சொல்லப்படவில்லை. மறைவான சித்தம் பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. சில வேளை நம் ஆயுளில் தெரிவதே இல்லை.

இனி உங்கள் முடிவு. போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். அம்மாவை நான் பார்த்ததில்லை, உங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது. எவை தெளிவானவை என்று மட்டும் சொல்கிறேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமை தெளிவானது. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனை விட்டுவிடுகிறவர்களை இயேசு மாற்கு 7-இல் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அந்தக் கடமையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. பணம் அனுப்பி, நல்ல ஆள் வைத்து, பிசியோதெரபி தவறாமல் நடக்க ஏற்பாடு செய்வதும் அதே கடமைதான். கடனைத் தீர்ப்பதும் வேதம் சொன்ன காரியம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் மட்டும் அண்ணன் வருகிறார்: மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கிறார் என்று. அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் அவர் பங்கு என்ன என்று எழுதவே இல்லை. நம் வீடுகளில் சம்பாதிக்க வேண்டியவளும் மகள், கழுவித் துடைக்க வேண்டியவளும் மகள், இரண்டில் எதை விட்டாலும் குற்றவாளியும் மகள். அண்ணன்களிடம் யாரும் தேவ சித்தம் கேட்பதில்லை. இது எனக்குப் பல ஆண்டுகளாக மனவருத்தம் தரும் காரியம். அம்மா அவருக்கும் அம்மாதான்.

வேலையின் மறுபக்கத்தையும் பாருங்கள். விவேகத்தைக் கர்த்தர் தந்தது பயன்படுத்துவதற்குத்தான். ஏஜென்ட், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பெயரையும் பதிவு எண்ணையும் வைத்துச் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்டால், இரசீது தராவிட்டால், ஒப்பந்தத்தின் நகலைக் கையில் கொடுக்க மறுத்தால் வேறு அடையாளம் எதுவும் தேடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், ஆண்டு விடுப்பு, ஊருக்கு வர யார் டிக்கெட் எடுப்பது, இடையில் விட்டு வந்தால் என்ன தண்டத் தொகை என்பவற்றைப் படியுங்கள். அம்மாவுக்கு அவசரம் என்றால் எத்தனை நாளில் வர முடியும் என்பது அந்த விடுப்பு விதியில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதம் முழுக்க அவர் படுத்திருக்கிறார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கவாதத்தில் பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் படிக்கவைத்தவருக்கு இதில் சொல்ல ஏதாவது இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அண்ணனை வீட்டுக்கு வரச் சொல்லி, அம்மாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசுங்கள். தேவைப்பட்டால் உங்கள் சபை ஆயரையோ அம்மா மதிக்கும் ஒரு பெரியவரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒருவர் ஜெபிக்கட்டும். யார் எந்த நாள் பார்த்துக்கொள்வது, மாதம் எவ்வளவு செலவு, யார் எவ்வளவு தருவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு போகலாம் என்று தெரிந்தால் நன்றியோடு போங்கள். முடியாது என்று தெரிந்தால் நன்றியோடு மறுத்துவிடுங்கள். உங்கள் அனுபவத்துக்கு வேறு வேலை வரும். அண்ணன் வர மறுத்தால் அதையும், ஏஜென்ட் எவ்வளவு கேட்கிறார் என்பதையும் எனக்கு எழுதுங்கள். மாதக் கடைசிக்கு முன் பதில் சொல்கிறேன்.